ஒரே கம்பியில் இரண்டு அன்டெனா: படகு வானொலியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலை கொட்பேயில் கட்டிநிற்கும் பலநாள் படகுகள் சிலவற்றின் கேபின் கூரையில், பேசப் பயன்படும் வி.எச்.எப். வானொலி செட்டின் அன்டெனாவும் அருகிலுள்ள கப்பல்களைக் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியின் அன்டெனாவும் ஒரே கம்பியில் ஒரு முழ இடைவெளியில் கட்டப்பட்டிருக்கும். ஓட்டி 16ஆம் அலைவரிசையில் பேசத் தொடங்கியதும் திரையிலுள்ள கப்பல்கள் நகராமல் நின்றுவிடும். பழி கருவியின் மேல் விழும்.

செட் வெளியிடுவது 25 வாட், அதாவது 44 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டு டெசிபெல்லில் சொல்லும் அளவு; 10 டெசிபெல் கூடினால் பத்து மடங்கு). ஏ.ஐ.எஸ். கருவியோ மைனஸ் 107 டிபிஎம் வரை நலிந்த சமிக்ஞையையும் வாசிக்க வேண்டியது. 151 டெசிபெல் வேறுபாடுள்ள இவ்விரண்டின் மீடிறன்களும் 156.8, 162 மெகாஹேர்ட்ஸ் என நெருங்கியே இருக்கின்றன; அதனால்தான் செட் பேசும்போது ஏ.ஐ.எஸ். திணறுகிறது.

அன்டெனாக்களைப் பக்கம் பக்கமாக நிறுத்துவதே முதல் தவறு. 3.8 மீட்டர், அதாவது இரண்டு அலைநீளம், தள்ளி நிறுத்தினாலும் கிடைக்கும் தனிமைப்படுத்தல் (ஒன்றின் அலை மற்றொன்றைச் சேருமுன் குறையும் அளவு) சுமார் 25 டெசிபெல்தான்; அதே இடைவெளியில் ஒன்றின் நேர் மேலே மற்றொன்றை வைத்தால் சுமார் 40 கிடைக்கும், ஏனெனில் நிமிர்ந்த அன்டெனா தன் தலைக்கு மேலும் காலுக்குக் கீழும் மிகக் குறைவாகவே அலை வீசும். ஆபத்து அழைப்புக்கு உதவும் பேச்சு அன்டெனாவை மேலே வைப்பதே என் தெரிவு.

அடுத்த தவறு, காரணம் அறியாமல் வடிகட்டி (வேண்டாத மீடிறனைத் தடுக்கும் கருவி) வாங்குவது. ஏ.ஐ.எஸ். கருவி பலமான சமிக்ஞையால் திணறினால் வடிகட்டி அதன் வாசலில் இருக்க வேண்டும். செட்டின் இரைச்சலே 162 மெகாஹேர்ட்ஸில் வந்து விழுந்தால், அதை அங்கே எந்த வடிகட்டியாலும் பிரிக்க முடியாது. செட்டின் பக்கம்தான் தடுக்க வேண்டும். அதற்கும் முன், செட்டின் அன்டெனாவைக் கழற்றி, அதன் இடத்தில் டம்மி லோட் (அலையை வெளியே வீசாமல் வெப்பமாக்கும் மின்தடை) பொருத்திப் பேசிப் பாருங்கள்: அப்போதும் திரை உறைந்தால், தொல்லை அன்டெனா வழியாக வரவில்லை, பற்றரி வயர் வழியாகவோ கேபிளின் வெளியுறை வழியாகவோ வருகிறது. வடிகட்டிக்குக் கொடுத்த காசு வீண்.

உப்புக்காற்றில் துருவேறிய போல்ட்டும் கிளாம்பும் இரண்டு சமிக்ஞைகளைக் கலந்து புதியவற்றை உண்டாக்கக்கூடும் என்பதால், வாடைக்காற்றுக் காலம் முடிந்ததும் அவற்றைச் சுரண்டி இறுக்குவது நல்லது.

துறைமுகத்துக்குள் பக்கத்துப் படகோடு பேசவும் 25 வாட்டிலேயே விட்டுவைப்பது இன்னொரு பழக்கம். செட்டிலேயே இருக்கும் 1 வாட் பொத்தானை அழுத்தினால் 14 டெசிபெல் குறையும், செலவில்லாமல்.