'ரெபெல் வித்தவுட் எ காஸ்' பார்க்கப் போகிறீர்களா? அந்த ஜெர்கின் மேல் ஒரு கண் இருக்கட்டும்

முதலில், போனில் பார்க்காதீர்கள். 1955-இல் நிக்கலஸ் ரே எடுத்த சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம் இது. வீட்டுப் படிக்கட்டில் மேலே அம்மா, கீழே அப்பா, நடுவில் மகன் ஜிம் (ஜேம்ஸ் டீன்) மாட்டிக்கொண்டு கத்தும் காட்சியில் கேமராவே சாய்ந்து நிற்கும், ஓரங்களை வெட்டிய பிரதியில் பார்த்தால் அதில் பாதி போய்விடும்.

எழுத்து ஓடும்போது தள்ளிவிடாதீர்கள். குடித்துவிட்டு நடுத்தெருவில் கிடக்கும் ஜிம், ஒரு பொம்மைக் குரங்குக்குக் காகிதத்தைப் போர்த்தித் தூங்க வைக்கிறான் பாருங்கள், படம் முழுக்க அவன் செய்யப் போவது அதுதான். அடுத்து போலீஸ் ஸ்டேஷனில் குளிரில் நடுங்கும் பிளேட்டோ என்கிற பையனுக்கு (சால் மினியோ) தன் கோட்டை நீட்டுகிறான், அவன் வாங்கமாட்டேன் என்கிறான். சின்ன விஷயம்தான், ஆனால் மறந்துவிடாதீர்கள்.

அப்பா ஏப்ரன் கட்டிக்கொண்டு கீழே சிந்திய சாப்பாட்டை எடுக்கும் காட்சி இன்றைக்குச் சங்கடமாக இருக்கும். ஆண் சமையலறைப் பக்கம் போனால் கோழை என்கிற அந்தக் காலத்து எண்ணம் எனக்கும் பிடிக்கவில்லை. அதோடு படத்தை மூடிவிடாமல், மகன் கேட்கும் கேள்வியைக் கேளுங்கள். மலை விளிம்பு வரை கார் ஓட்டும் பந்தயத்துக்குப் போவதா வேண்டாமா என்று தவிக்கிற பையனிடம், காகிதம் எடுத்து நல்லது கெட்டதைப் பட்டியல் போடலாம் என்கிறார் அவர். பையனுக்கு வேண்டியது பட்டியல் இல்லை, அப்போதே ஒரு பதில். ஏப்ரனை விட எனக்கு வலித்தது அந்தக் காகிதம்தான்.

டீன் இந்தப் படம் வெளியாவதற்கு ஒரு மாதம் முன்பு, 24 வயதில், கார் விபத்தில் இறந்துபோனார். முதல் தடவை பார்க்கும்போது அந்த நினைப்பைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள், இல்லாவிட்டால் ஜிம் கண்ணுக்கே தெரியமாட்டான்.

சரி, படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திவிட்டு, பார்த்த பிறகு வாருங்கள்.

கடைசியில் கிரிஃபித் வானாய்வகத்தின் இருட்டில், துப்பாக்கியோடு ஒளிந்திருக்கும் பிளேட்டோவிடம் ஜிம் தன் சிவப்பு ஜெர்கினைக் கொடுக்கிறான். இந்தத் தடவை அவன் வாங்கிக்கொள்கிறான், இதை நானே வைத்துக்கொள்ளலாமா என்றுகூடக் கேட்கிறான். ஜிம் துப்பாக்கியை வாங்கி, குண்டுகளை அவனுக்குத் தெரியாமல் எடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறான். வெளியே இருக்கும் போலீஸுக்கு அது தெரியாது. சுட்டுவிடுகிறார்கள். ஜிம் இறந்தவனுடைய ஜெர்கின் ஜிப்பை மேலே இழுத்து மூடுகிறான், இவனுக்கு எப்போதும் குளிரும் என்று சொல்லிக்கொண்டே. அப்புறம் ஜிம்மின் அப்பா வந்து, தன் கோட்டைக் கழற்றி மகன் தோளில் போடுகிறார்.