போற்றுதலுக்குரியவரின் குறையை எழுதும்போது நேரும் பிழைகள்

நினைவுப் பலகை, நூற்றாண்டு மலர், கண்காட்சிக் குறிப்பு எதுவானாலும், எழுத்து முதலில் சறுக்குவது செயலைச் சொல்லாமல் ஆளைப் புகழும் இடத்தில்தான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1895-ல் வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனுக்குச் சிலை வைத்தபோது, நகரின் ஒழுக்கமும் ஞானமும் மிக்க மைந்தர்களில் ஒருவர் என்று பீடத்தில் பொறித்தார்கள். அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் நிர்வாகத்தில் அவர் இருந்ததைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அதைச் சொல்லும் இரண்டாவது பலகைக்கு 2018-ல் முயன்றார்கள். வாசகத்தில் உடன்பாடு வராமல் பலகை ஏறவே இல்லை. 2020 ஜூன் 7 அன்று மக்கள் சிலையைச் சாய்த்துத் துறைமுகத்தில் தள்ளினார்கள். ஆகவே முதல் வரியிலேயே எந்தச் செயலுக்காக மரியாதை என்று எழுதுங்கள். அந்தச் செயலுக்கான பணமோ அதிகாரமோ பிறரை வதைத்து வந்திருந்தால் அதையும் அங்கேயே எழுதுங்கள்.

‘அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான்’ என்ற வரியைச் சரிபார்க்காமல் எழுதவே கூடாது. அதே காலத்தில் யாராவது எதிர்த்தார்களா, அது அவர் காதுக்கு எட்டியதா என்று தேடுங்கள். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை எழுதி, பின்னாளில் அந்நாட்டு அதிபரான தாமஸ் ஜெபர்சன் தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்டோரை அடிமைகளாக வைத்திருந்தார். ‘எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள்’ என்று எழுதியவரே இப்படிச் செய்யலாமா என்று கறுப்பினத்தவரான பெஞ்சமின் பேனக்கர் 1791-ல் அவருக்கே கடிதம் எழுதினார். 1814-ல் எட்வர்ட் கோல்ஸ் என்ற இளைஞர், அடிமை ஒழிப்புக்குத் தலைமை தாங்கும்படி வேண்டினார்; ஜெபர்சன் மறுத்துவிட்டார். கோல்ஸ் 1819-ல் தம் அடிமைகளை விடுவித்தார். அப்புறம் ‘எல்லோரும்’ என்று எப்படி எழுதுவது? அடிமைப்பட்டவர்களும் அந்தக் காலத்து மனிதர்கள்தானே.

கோபம், கடன், குடி போன்றவற்றால் பிறர் யாரும் பாதிக்கப்படவில்லை என்றால் பலகையில் அவற்றுக்கு இடம் வேண்டாம்.

அதிகம் கவனிக்க வேண்டியது ‘ஆனால்’. அதற்குப் பின்னால் வருவது முன்னால் உள்ளதை அழித்துவிடும். எதைக் கடைசியில் வைக்கிறோமோ அதற்கே தீர்ப்பு சாய்ந்துவிடும். ‘சர்ச்சைக்குரியவர்’ என்பதும் எதையும் சொல்லாத சொல். ‘தாக்குதல் நடந்தது’ என்றால் செய்தவர் மறைந்துபோகிறார். சாதனையையும் குறையையும் தனித்தனி வாக்கியமாக, எழுவாயோடு எழுதுங்கள்: ‘ஃபிரிட்ஸ் ஹேபர், காற்றிலுள்ள நைட்ரஜனிலிருந்து அமோனியா தயாரிக்கும் முறையைக் கண்டறிந்து 1918-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு பெற்றார். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகரருகே நடந்த குளோரின் வாயுத் தாக்குதலை ஹேபர் முன்னின்று நடத்தினார்.’ அடைமொழியே தேவைப்படவில்லை பாருங்கள்.

ஆண்டு போடாமல் குறையை எழுதுவதும் அநியாயம். 1893-ல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தி, தொடக்க காலத்தில் ஆப்பிரிக்கர்களை இழிவாகக் குறிப்பிட்டு எழுதியது உண்மை. கானா பல்கலைக்கழகத்தில் வைத்த அவர் சிலை 2018-ல் அகற்றப்பட்டது. அந்த வரிகளை எடுத்தாளும்போது எழுதிய ஆண்டைச் சேருங்கள். பிற்காலத்தில் மாறினார் என்றால் மாறியதற்கும் ஆண்டோடு சான்று காட்டுங்கள். பின்னால் மாறினார் என்பதற்காக முன்னால் எழுதியதை விட்டுவிடவும் கூடாது.

கடைசியாக, பாதிக்கப்பட்டவர்களை ‘பலர்’ என்று முடித்துவிடாதீர்கள். பெயர் கிடைத்தால் பெயரைப் போடுங்கள். ஜெபர்சனின் மான்டிசெல்லோ இல்லத்தில், அவரிடம் அடிமையாக இருந்து அவருடைய பிள்ளைகளைப் பெற்ற சாலி ஹெமிங்ஸுக்கென 2018-ல் தனிக் காட்சி திறந்தார்கள். அவருடைய உருவப்படம் ஒன்றும் கிடைக்கவில்லை. மகன் மேடிசன் சொல்லி 1873-ல் அச்சான நினைவுகளைக் கொண்டே அங்கே அவர் கதையைச் சொல்கிறார்கள்.