மோடம் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள்: லினக்ஸ் லேப்டாப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூர், ஈரோடு பக்கம் பழைய திங்க்பேட் லேப்டாப் வாங்கி லினக்ஸ் போடுகிறவர்கள் பலர் சிம் போடும் வசதியுள்ள மெஷினாகத்தான் கேட்கிறார்கள். வால்பாறை எஸ்டேட், காங்கயம் தோட்டம் என்று அலைகிறவர்களுக்கு அது தேவைதான். ஆனால் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சிம்மைத் திருப்பிப் போடுவது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

பூட்டிய மோடத்தைப் பழுது என்று நினைப்பது

காசைக் கரைக்கிற தவறு இது. இன்றைக்கும் பார்த்தால் கோபம்தான் வருகிறது. மோடம் (சிம் வழியாக இணையம் தரும், லேப்டாப்புக்குள் இருக்கும் கார்டு) தெரியும், சிம் தெரியும், ஆனால் இயக்கினால் இயங்காது. மோடத்தின் நிலையைக் காட்டும் எம்எம்சிஎல்ஐ (mmcli) கட்டளை கொடுத்தால் பவர் ஸ்டேட் 'லோ' என்றே நிற்கும். உடனே உபுண்டு லினக்ஸை அழித்து ஃபெடோரா லினக்ஸ் போடுவார்கள். அப்புறம் புது மோடம் கார்டு. பல்லடத்துத் தம்பி ஒருவர், பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், இரண்டாவது கார்டையும் வாங்கி மாட்டிவிட்டு, "அண்ணா, இதுவும் போச்சுங்க" என்று வந்து நின்றார். இரண்டுமே நல்ல கார்டுகள்.

காரணம் எஃப்சிசி (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) பூட்டு. அமெரிக்க வானலை விதிகளுக்காகத் தயாரிப்பாளர்கள் மோடத்தின் ரேடியோவைப் பூட்டி அனுப்புகிறார்கள். கோவையில் விற்கும் மெஷினிலும் அதே பூட்டு இருக்கும். விண்டோஸில் அதைத் திறக்கும் மென்பொருள் டிரைவரோடு வந்துவிடுவதால் யாருக்கும் தெரிவதில்லை. லினக்ஸில் மோடத்தை இயக்கும் மோடம்மேனேஜர் என்ற மென்பொருள் முன்பு சில மோடங்களைத் தானே திறந்துவிட்டது; 1.18.4 பதிப்பிலிருந்து அந்த முடிவை நம்மிடம் விட்டுவிட்டார்கள்.

சரி, என்ன செய்வது? எல்எஸ்யுஎஸ்பி (lsusb) கட்டளையில் மோடத்தின் அடையாள எண்ணைப் பாருங்கள். பிசிஐ வழி மோடம் என்றால் எல்எஸ்பிசிஐ -என்என் (lspci -nn). மோடம்மேனேஜரோடு வரும் 'எஃப்சிசி-அன்லாக்.அவைலபிள்.டி' (fcc-unlock.available.d) ஃபோல்டரில் அந்த எண்ணின் பெயரிலேயே ஸ்கிரிப்ட் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், இடிசி-யில் மோடம்மேனேஜருக்கான 'எஃப்சிசி-அன்லாக்.டி' ஃபோல்டரில் (/etc/ModemManager/fcc-unlock.d) அதற்கு ஒரு சிம்லிங்க் (அந்தக் கோப்பைச் சுட்டும் இணைப்பு, symlink) போட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்கிரிப்டை நீங்களே கொண்டுவந்து வைத்தால் அது ரூட் என்ற நிர்வாகிக் கணக்குக்குச் சொந்தமாக, இயக்க அனுமதியோடு இருக்க வேண்டும். இல்லையென்றால் மோடம்மேனேஜர் அதைத் தொடாது. சில புதிய லெனோவோ மாடல்களுக்கு இந்த ஸ்கிரிப்ட் போதாது, லெனோவோவே வெளியிட்டுள்ள அன்லாக் நிரல் வேண்டும். இவ்வளவையும் பார்க்காமல் தயவுசெய்து கார்டு வாங்காதீர்கள்.

ஆன்டெனா

பின்மூடியைத் திறந்து ஒயர் இருக்கிறதா பாருங்கள். சிம் ஓட்டை மட்டும் இருக்கும் மெஷின்கள் உண்டு.

பழைய ஏபிஎன்

ஏபிஎன் என்பது இணையத்துக்குள் நுழைய சிம் நிறுவனம் வைத்திருக்கும் பெயர்; சிம் மாற்றினால் அதையும் மாற்றுங்கள். ஜியோவுக்கு ஜியோநெட், பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட்.

மீட்டர்டு

லினக்ஸின் இணைய இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க்மேனேஜரில் இந்த இணைப்பை 'மீட்டர்டு' (டேட்டா அளவோடு வரும் இணைப்பு) என்று குறித்துவிடுங்கள். இல்லையென்றால் பின்னணியில் இறங்கும் அப்டேட்டே அன்றைய டேட்டாவைக் காலி செய்துவிடும்.