குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்களா? கணவரின் தட்டையும் பாருங்கள்

கல்யாணமாகி இரண்டு வருஷம் குழந்தை இல்லை என்றால் மனைவியைத்தான் முதலில் டாக்டரிடம் கூட்டிப் போகிறோம். கணவர் காலையில் டீயும் பன்னும், மதியம் சாதமும் ரசமும், ராத்திரி புரோட்டா என்று வருஷக்கணக்கில் ஓட்டுவதை யாரும் கேட்பதில்லை. இது எனக்கு நிஜமாகவே வருத்தம் தருகிற விஷயம்.

முதல் வேலை, வயிறு நிறையச் சரியாகச் சாப்பிடுவது. போதுமான சாப்பாடு வரவில்லை என்று தெரிந்தால் உடம்பு உயிர் பிழைப்பதைத்தான் பார்க்கும், பிள்ளை பெறுவதைத் தள்ளிவைத்துவிடும். மூளையிலிருந்து அதன் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கும் அங்கிருந்து விந்தகங்களுக்கும் போகிற உத்தரவு குறைந்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இறங்கிவிடும். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வில், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்கள் 24 வாரம் அரை வயிற்றோடு இருந்தார்கள். எடையில் கால்வாசி போனது, கூடவே காம நாட்டமும் போனது. அதனால் ஒரே மாதத்தில் பத்து கிலோ குறைக்கிற டயட்டெல்லாம் இந்தச் சமயத்தில் வேண்டாம்.

அடுத்தது துத்தநாகம், அதாவது ஜிங்க். 1958இல் ஈரானின் ஷிராஸ் நகரில் டாக்டர் ஆனந்த பிரசாத் பார்த்த ஒரு நோயாளிக்கு வயது 21, தோற்றமோ பத்து வயதுப் பையன், பருவமே வரவில்லை. அவர் சாப்பிட்டதெல்லாம் பெரும்பாலும் புளிக்க வைக்காத ரொட்டி, மாமிசம் கிட்டத்தட்ட இல்லை. தானியத்தில் உள்ள ஃபைட்டேட் என்கிற பொருள் ஜிங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குடல் உறிஞ்ச முடியாது. பிறகு எகிப்தில் இதே நிலையில் இருந்த இளைஞர்களுக்கு ஜிங்க் கொடுத்தபோது உயரமும் கூடியது, பிறப்புறுப்பும் வளர்ந்தது.

நம் சமையலறையில் இதற்கு வழி ஏற்கெனவே இருக்கிறது: மாவைப் புளிக்க வைப்பது, பயறை ஊறவைத்து முளைகட்டுவது, இரண்டுமே ஃபைட்டேட்டைக் குறைக்கும். இட்லியோடு எள்ளுப்பொடி, மாலையில் முளைப்பயறு, கைப்பிடி வேர்க்கடலை அல்லது பூசணி விதை, தினமும் முட்டை. அசைவம் சாப்பிடுகிறவர்கள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் மீன், நண்டு, ஆட்டுக்கறி சேர்த்துக்கொள்ளலாம். ஆண்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2020இல் சொன்ன ஜிங்க் அளவு நாளுக்கு 17 மில்லிகிராம், வெறும் சோறும் ரசமும் வைத்து அதை எட்டவே முடியாது.

தொப்பை இருந்தால் மெதுவாகக் குறையுங்கள், அந்தக் கொழுப்பில் உள்ள என்சைம் டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாற்றுகிறது.

'ஆண்மைக் கேப்ஸ்யூல்' விளம்பரங்களை நம்பிக் காசை விடாதீர்கள். அமெரிக்காவில் 2,370 தம்பதிகளை வைத்து நடந்து 2020இல் முடிவு வெளியான சோதனையில் கணவர்களுக்கு ஆறு மாதம் ஜிங்க்கும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தும் விந்தணுவின் தரமும் கூடவில்லை, குழந்தைப் பிறப்பும் கூடவில்லை. குறைபாடு உள்ளவருக்கு மாத்திரை வேறு விஷயம், அதை டாக்டர் சொல்லட்டும். ஜிம்மில் யாராவது டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொன்னால் கண்டிப்பாக வேண்டாம், அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

ஒரு விந்தணு உருவாக ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும், அதனால் மாற்றிய சாப்பாட்டின் பலனை மூன்று மாதம் கழித்துத்தான் பார்க்க முடியும். அதற்காக டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம், ஒரு வருஷம் முயன்றும் ஆகவில்லை என்றால் இருவருமே சேர்ந்து போங்கள், மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறே மாதத்தில். விந்துப் பரிசோதனைக்கு முன் 2 முதல் 7 நாள் விந்து வெளியேறாமல் இடைவெளி விட வேண்டும், டெஸ்டோஸ்டிரோனுக்கு ரத்தத்தைக் காலையிலேயே வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும், குறைவாக வந்தால் இன்னொரு நாளும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.