ருமேனியச் சொல்லைப் பிடிக்க ஒரு குறுக்குவழி: ‘க்த்’ வரும் இடத்தில் ‘ப்த்’ போடுங்கள்

லத்தீன் வேரில் ‘க்த்’ இருந்தால், ருமேனிய மொழியில் அதை ‘ப்த்’ ஆக்கிப் பாருங்கள். பெரும்பாலும் சொல் கிடைத்துவிடும். அக்டோபரில் ஒளிந்திருக்கும் ‘ஒக்தோ’ (எட்டு) அங்கே ‘ஒப்த்’. லாக்டோஸ் தெரியுமா? பால் ‘லப்தே’. இரவு, லத்தீனில் ‘நொக்தெம்’, ருமேனியத்தில் ‘நொவாப்தே’.

காரணம், பேச்சு லத்தீன் பால்கன் பகுதியில் ருமேனியமாக மாறியபோது தொண்டையொலி சில இடங்களில் உதட்டொலியாகிவிட்டது. தண்ணீரும் அப்படித்தான்: ‘அக்வா’ போய் ‘அப்ப’. ‘லிக்னும்’ என்ற விறகு ‘லெம்ன்’ ஆனதும் இதே போக்கில்தான். இத்தாலியம் படித்தவர்களுக்கு இன்னும் எளிது. அவர்களுடைய ‘ஒத்தோ, லத்தே, நொத்தே’ மூன்றையும் அப்படியே மாற்றிக்கொள்ளலாம்.

19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிலிருந்தும் ஏட்டு லத்தீனிலிருந்தும் வந்த சொற்களில் இது செல்லாது. ‘தொக்தொர்’ தொக்தொராகவே இருக்கிறார். ஒரே வேரிலிருந்து பழைய ‘த்ரெப்த்’ (நேரான, வலது), புதிய ‘திரெக்த்’ (நேரடியான) இரண்டும் புழங்குவது எனக்குப் பிடித்த வேடிக்கை. ஸ்லாவியச் சொற்களுக்கும் இது உதவாது: நண்பர் ‘ப்ரியெதென்’, ஆமாம் ‘தா’. அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.