பிரதமரின் பொருளாதாரச் சாதனையைச் சரிபார்ப்பது எப்படி?

தேர்தல் வந்தால் சென்னையில் டீக்கடை முதல் டிவி விவாதம் வரை ஆளுக்கொரு வளர்ச்சி விகிதம் சொல்வார்கள். அந்த எண்கள் பெரும்பாலும் பொய்யல்ல. எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் முடித்தார்கள் என்பதில்தான் வித்தை இருக்கிறது.

முதலில் ஆண்டுகளைப் பிரியுங்கள். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. புதிய அரசு வருவதோ மே, ஜூனில். 2014-ல் அருண் ஜேட்லி முழு பட்ஜெட் போட்டது ஜூலையில்தான். அதற்கு முன் இருந்தது ப. சிதம்பரத்தின் இடைக்கால பட்ஜெட். ஆகவே பதவியேற்ற ஆண்டைத் தொடக்கக் கோடாக வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டிலிருந்து கணக்கிடுங்கள். ஒப்பிடும் இரண்டு தலைவர்களுக்கும் இதே விதிதான்.

அடுத்து, முதலில் வெளியான எண்ணை நம்பி முடிவுக்கு வராதீர்கள். 2020-21-ல் ஜிடிபி, அதாவது நாட்டின் மொத்த உற்பத்தி, 7.3 சதவீதம் சரிந்ததாக 2021 மேயில் அறிவித்தார்கள், பிறகு அந்தச் சரிவு 6.6 ஆகி, அப்புறம் 5.8 ஆனது. மறு ஆண்டின் வளர்ச்சி 9.7 சதவீதம். கேட்க அபாரம். ஆனால் 100 ரூபாய் உற்பத்தி 94.20-க்கு இறங்கி, அதன்மேல் 9.7 சதவீதம் ஏறினால் சுமார் 103.30 தான். இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 3.3 சதவீதம். சரிவுக்கு அடுத்த ஆண்டைத் தனியாகக் காட்டுகிறவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். 2004-05, 2011-12 என அடிப்படை ஆண்டு (எந்த ஆண்டு விலையில் உற்பத்தியை அளக்கிறார்களோ அந்த ஆண்டு) மாறிய தொடர்களையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது.

இனி முக்கியமான வேலை: தலைவர் எடுத்த முடிவையும் தானாக வந்த காற்றையும் பிரிப்பது. பெட்ரோலை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியா வாங்கும் கச்சா எண்ணெய் 2013-14-ல் சராசரியாகப் பீப்பாய்க்கு 105 டாலர். 2015-16-ல் 46 டாலர். இந்த இறக்கம் எந்த அரசின் சாதனையும் அல்ல. அப்போது மத்திய அரசு செய்தது கலால் வரியை ஏற்றியது: லிட்டருக்கு 2014 ஏப்ரலில் 9.48 ரூபாய், 2020 மேயில் 32.98 ரூபாய், 2022 மேயில் 19.90 ரூபாய். இது முழுக்க அவர்கள் முடிவு. அந்த 32.98-ல் மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படைக் கலால் வெறும் 2.98, மீதி கூடுதல் வரியும் செஸ்ஸும். சென்னை பங்க் விலையில் தமிழக அரசின் வாட் வரியும் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் அதில் 3 ரூபாய் குறைந்தது மாநில அரசின் முடிவு. இப்படிப் பிரித்த பிறகுதான் சரியான கேள்வியைக் கேட்க முடியும்: வந்த பணம் எங்கே போனது? நிதிப் பற்றாக்குறை, அதாவது கடன் வாங்கிச் சமாளிக்கும் பள்ளம், 2013-14-ல் ஜிடிபியில் 4.5 சதவீதம், 2016-17-ல் 3.5 சதவீதம். இறங்கியதற்கு மதிப்பெண் கொடுங்கள். எண்ணெய் வரி கைகொடுத்ததையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

பழிக்கும் இதே அளவுகோல்தான். 1991-ல் அந்நியச் செலாவணி நெருக்கடியில் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பியது முந்தைய அரசின் காலத்தில், மே மாதமே தொடங்கிவிட்டது. நரசிம்ம ராவ் பதவியேற்றது ஜூன் 21. ரூபாய் மதிப்பைக் குறைத்தது ஜூலையில், அவருடைய அரசு.

வேலைவாய்ப்பில் ஒற்றை எண் போதவே போதாது. மத்திய அரசின் தொழிலாளர் ஆய்வின்படி (PLFS), 15 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் வேலையின்மை 2017-18-ல் 6.0 சதவீதம், 2023-24-ல் 3.2. ஆனால் அதே ஆய்வில் சுயதொழில் செய்வோர் பங்கு 52.2-லிருந்து 58.4 சதவீதமாகியது. குடும்பக் கடையில் கூலியில்லாமல் உதவுகிறவரும் இதில் சேர்த்தி. மாதச் சம்பளக்காரர்களின் பங்கையும், விலைவாசியைக் கழித்த கூலியையும் சேர்த்துப் பார்க்காமல் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

பட்ஜெட்டில் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என மூன்று எண்கள் வரும். உண்மைச் செலவு இரண்டு ஆண்டு தாமதமாகவே கிடைக்கும். காத்திருந்து அதையே எடுங்கள். பட்ஜெட்டுக்கு வெளியே ஒதுக்கிய கடனையும் தேடுங்கள்: மன்மோகன் சிங் ஆட்சியில் எண்ணெய் நிறுவனங்களுக்குப் பணத்துக்குப் பதிலாகக் கொடுத்த எண்ணெய்ப் பத்திரங்கள், மோடி ஆட்சியில் உணவு மானியத்துக்காக இந்திய உணவுக் கழகத்தின் தலையில் ஏற்றிய கடன். இந்த உணவுக் கடன் 2020-21-ல்தான் பட்ஜெட் கணக்குக்குள் வந்தது. இரண்டையும் அந்தந்த ஆண்டுப் பற்றாக்குறையோடு கூட்டிய பிறகு ஒப்பிடுங்கள்.