"சார், கையெழுத்து மட்டும் போட்டுடுங்க": அமெரிக்கக் கணினி அறிவியல் (சி.எஸ்.) மேற்படிப்பு விண்ணப்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நவம்பர் பிறந்துவிட்டால் நம் பொறியியல் கல்லூரிகளின் ஸ்டாஃப் ரூம் வாசலில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். இறுதியாண்டு மாணவர் ஒருவர் பென்டிரைவோடு நிற்பார். "சார், எல்ஓஆர் டிராஃப்ட் ரெடி. லெட்டர்ஹெட்ல கையெழுத்து மட்டும் போட்டுடுங்க." எல்ஓஆர் என்றால் பேராசிரியர் எழுதித் தர வேண்டிய பரிந்துரைக் கடிதம். சாருக்கு விடைத்தாள் திருத்தும் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, போட்டுக் கொடுத்துவிடுவார். போன பேட்ச் சீனியர் செய்ததும் இதேதான். பத்து இடத்திலும் நிராகரிப்பு வந்த பிறகு, காரணத்தை ஜிஆர்இ நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில் தேடுவார்கள்.

எழுத்துப்பிழை, "சிறு வயது முதலே கணினி மீது தீராத ஆர்வம்" என்று தொடங்கும் எஸ்ஓபி (ஏன் படிக்க விரும்புகிறோம் என்று நாமே எழுதும் கட்டுரை), பழைய பல்கலைக்கழகத்தின் பெயரை மாற்றாமல் அனுப்பியது, இவற்றைச் சொல்ல ஆள் நிறைய இருக்கிறார்கள். விட்டுவிடுவோம்.

எந்தப் படிப்பு என்றே பார்க்காமல் விண்ணப்பிப்பது

எம்.எஸ். முடித்தால்தான் பிஎச்.டி என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. அமெரிக்காவில் நான்கு வருட பி.இ. முடித்தவர் நேராக பிஎச்.டிக்கு விண்ணப்பிக்கலாம். பிஎச்.டிக்குக் கல்விக் கட்டணத்தைப் பெரும்பாலும் துறையே ஏற்கும். மாத உதவித்தொகையும் உண்டு. எம்.எஸ். பெரும்பாலும் சொந்தக் காசு அல்லது வங்கிக் கடன். ஆராய்ச்சி அனுபவம் இருந்தும் இது தெரியாமல் எம்.எஸ்ஸுக்கு மட்டும் போட்டவர்கள் உண்டு. உதவித்தொகைக்காக மட்டும், ஆராய்ச்சி என்றால் என்னவென்றே தெரியாமல் பிஎச்.டிக்குப் போட்டு விண்ணப்பக் கட்டணத்தைத் தொலைத்தவர்களும் உண்டு. ஒரு விண்ணப்பத்துக்குப் பொதுவாக 75 முதல் 125 டாலர் ஆகும்.

எம்ஐடியின் மின்பொறியியல், கணினி அறிவியல் துறை வெளியிலிருந்து வருபவர்களைத் தனி எம்.எஸ்ஸுக்கு எடுப்பதில்லை; பிஎச்.டிதான். பெர்க்லியின் எம்.இஞ்ச். வேலையை நோக்கிய ஒரு வருடப் படிப்பு, அங்குள்ள எம்.எஸ். ஆராய்ச்சி சார்ந்தது. கார்னகி மெலனில் கணினி சார்ந்த மாஸ்டர்ஸ் படிப்புகளே ஏகப்பட்டவை. ஒவ்வொன்றுக்கும் நோக்கம் வேறு. படிப்பின் பக்கத்தை முழுதாகப் படித்த பிறகு கார்டை எடுங்கள்.

எல்ஓஆரை நீங்களே எழுதுவது

நல்ல மாணவர்களைக் கவிழ்ப்பது இதுதான். மதிப்பெண்ணும் திறமையும் இருந்தும் கவிழ்கிறார்கள் என்பதால்தான் எரிச்சல் அடங்க மறுக்கிறது.

பெரும்பாலான துறைகள் மூன்று பரிந்துரைக் கடிதம் கேட்கும். தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் பேராசிரியர்கள். ஒரே சீசனில் நூற்றுக்கணக்கான கடிதங்களைப் படிப்பவர்கள். ஒரே ஆள் எழுதிய மூன்று கடிதங்களைக் கண்டுபிடிக்க அவர்களுக்குத் துப்பறியும் திறமை எதுவும் வேண்டாம். மூன்றிலும் அதே அடைமொழிகள், அதே பத்தி வரிசை, ஒரே இடத்தில் விடுபட்ட கமா. போதாக்குறைக்கு, பிடிஎஃப் கோப்பின் ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தால் ஆத்தர் என்ற இடத்தில் மாணவரின் பெயரே இருக்கும். ஒரே கல்லூரியின் நான்கு பேர் ஒரே சீனியரிடம் டெம்ப்ளேட் வாங்கி ஒரே துறைக்குப் போட்டிருந்தால் நான்கு கோப்புகளும் சேர்ந்தே விழும்.

பிடிபடாவிட்டாலும் நஷ்டம்தான். தன்னைப் பற்றித் தானே எழுதும் மாணவருக்குத் தெரிந்தது பாராட்டு மட்டும்: கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், வகுப்பில் முதல் ஐந்து பேரில் ஒருவர். இதில் மார்க் ஷீட் சொல்லாதது என்ன இருக்கிறது? "ப்ராஜெக்டின் இரண்டாம் மாதத்தில் மாடலின் துல்லியம் சந்தேகப்படும்படி அதிகமாக இருந்தது. பயிற்சித் தரவும் சோதனைத் தரவும் கலந்துவிட்டதை இவளே கண்டுபிடித்து, தன் பழைய முடிவுகளைத் தானே தூக்கிப் போட்டாள்" என்று ஒரு கைடு எழுதினால், அந்த ஒரு பத்தி முழுப்பக்கப் பாராட்டுக்குச் சமம். அதை எழுத மாணவருக்குத் தோன்றாது. தன் தவறு என்று மறைத்துவிடுவார்.

கடிதத்தோடு ஒரு படிவமும் பரிந்துரைப்பவருக்கு வரும். எத்தனை காலமாகத் தெரியும், எந்த வகையில் தெரியும், உடன் படித்தவர்களோடு ஒப்பிட்டால் முதல் 1 சதவீதமா, 5 சதவீதமா, 10 சதவீதமா என்றெல்லாம் கேட்பார்கள். எல்லாவற்றிலும் முதல் 1 சதவீதம் என்று டிக் செய்துவிட்டு, கடிதத்தில் ஒரு சம்பவம்கூட இல்லையென்றால் அந்த டிக்கை யாரும் நம்ப மாட்டார்கள்.

இதன் கொடிய வடிவம் ஒன்று உண்டு: பேராசிரியர் பெயரில் கன்சல்டன்சிக்காரர்கள் ஜிமெயில் முகவரி தொடங்கி, தாங்களே அப்லோட் செய்வது. இது மோசடி. சேர்ந்த பிறகு தெரியவந்தாலும் இடம் பறிபோகும்.

சரி, என்ன செய்யலாம்? கடைசித் தேதிக்கு எட்டு வாரம் முன்னால் போய்க் கேளுங்கள். "எல்ஓஆர் தருவீங்களா சார்" என்று கேட்டால் யாரும் இல்லையென்று சொல்ல மாட்டார்கள். "என் வேலையைப் பற்றி விவரமாக எழுத முடியுமா சார்" என்று கேளுங்கள். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரைப் பாருங்கள். உங்களைப் பெயரளவில் தெரிந்த எச்ஓடியைவிட, எட்டு மாதம் உங்கள் கோடிங்கை வரிவரியாகப் பார்த்த அசிஸ்டென்ட் ப்ரொஃபசர் மேல். பிஎச்.டி என்றால் கம்பெனி மேலாளரின் கடிதம் ஒன்றுக்கு மேல் வேண்டாம்; அவரும் ஆராய்ச்சி தெரிந்தவராக இருந்தால் நல்லது.

ஒப்புக்கொண்டவரிடம் டிராஃப்டுக்குப் பதில் ஒரு பக்கக் குறிப்பு கொடுங்கள். அவரிடம் படித்த பாடம், செமஸ்டர், கிரேடு. ப்ராஜெக்டில் நீங்கள் மட்டும் செய்த பகுதி எது. அவருக்கும் நினைவிருக்கக்கூடிய மூன்று சம்பவங்கள், அதில் ஒன்றாவது சொதப்பிப் பிறகு சரிசெய்தது. கூடவே சிவியும் எஸ்ஓபியும். "நீயே எழுதிக் கொண்டா" என்று அவர் விடாப்பிடியாக நின்றால், இருபது நிமிடம் உட்கார்ந்து அவரைத் தமிழிலேயே பேசச் சொல்லிக் குறித்துக்கொடுங்கள். வாக்கியங்களை அவரே அமைக்கட்டும்.

பத்து பல்கலைக்கழகம் என்றால் அவருக்குப் பத்து லிங்க் வரும், பாதி ஸ்பேமில் விழும். தேதிவாரியாகப் பட்டியல் கொடுத்து, பத்து நாள் முன்னால் ஒருமுறை நினைவூட்டுங்கள். கல்லூரியின் மின்னஞ்சல் முகவரியையே போர்ட்டலில் கொடுங்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று உங்கள் விண்ணப்பப் படிவம் கேட்கும். 1974-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்றிலிருந்து வரும் கேள்வி அது. ஆம் என்று டிக் செய்யுங்கள். மாணவர் படிக்கப்போகும் கடிதத்தில் யாரும் மனம் திறந்து எழுத மாட்டார்கள் என்பது படிப்பவருக்குத் தெரியும்.

பணம் கட்டிப் போட்ட பேப்பர்

"இன்டர்நேஷனல் ஜர்னல்" என்று பெயர் இருக்கும். பணம் கட்டினால் மூன்றே நாளில் அக்செப்டன்ஸ் வரும். கணினி அறிவியலில் எடை அதிகம் கான்ஃபரன்ஸ்களுக்கு: நியூரிப்ஸ், ஐசிஎம்எல், சிக்காம், ஏசிஎல் போன்றவை. உங்கள் விண்ணப்பத்தைப் படிப்பவர் அவற்றுக்கே ரிவ்யூவராக இருக்கலாம். பெயர் தெரியாத ஜர்னலை சிவியின் உச்சியில் பார்த்தால், நல்லது கெட்டது தெரியாதவர் என்று முடிவுகட்டிவிடுவார். அதே வேலையை ப்ராஜெக்ட் என்று போட்டு, கோடிங்கையும் முடிவுகளையும் கிட்ஹப்பில் வையுங்கள். வெளியிடப்படாத நல்ல வேலைக்கு மரியாதை உண்டு.

பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், மார்க் ஷீட்டில் ஒரு பெயர்

இனிஷியல் வைத்துக்கொள்ளும் நமக்கே உரிய தலைவலி. மார்க் ஷீட்டில் "கார்த்திகேயன் எஸ்". பாஸ்போர்ட்டில் அந்த எஸ் அப்பாவின் முழுப்பெயராக விரிந்து சர்நேம் ஆகியிருக்கும். டோஃபல் ஆங்கிலத் தேர்வுக்கான கணக்கை மார்க் ஷீட்டைப் பார்த்துத் தொடங்கினால் தேர்வு மையத்தில் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போகாமல் திருப்பி அனுப்பலாம். ஸ்கோரும் விண்ணப்பத்தோடு சேராமல் தொங்கும். எல்லா இடத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். மார்க் ஷீட் பெயரை "மற்ற பெயர்கள்" கட்டத்தில் கொடுங்கள். பாஸ்போர்ட்டில் சர்நேம் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் உங்கள் முழுப்பெயர் சர்நேமாகி, முதற்பெயர் இருக்கும் இடத்தில் "எஃப்என்யு" என்று அச்சாகும், அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்று. நேரம் இருக்கும்போதே பாஸ்போர்ட்டைத் திருத்துவது நல்லது.

சிஜிபிஏவை 2.5-ஆல் வகுப்பது

அமெரிக்காவின் 4 புள்ளிக் கணக்குக்கு மாற்றுகிறோம் என்று வகுக்காதீர்கள். 8.4 என்றால் 10-க்கு 8.4 என்றே போடுங்கள்.

ஜிஆர்இ

எம்ஐடியின் துறை உட்படப் பல துறைகள் கேட்பதே இல்லை. பட்டியலை முடித்த பிறகு, தேவைப்பட்டால் பணம் கட்டுங்கள்.

நூறு பேராசிரியர்களுக்கு ஒரே மெயில்

அமெரிக்காவின் பெரிய துறைகளில் பெரும்பாலும் குழுதான் ஆளை எடுக்கிறது. "ரெஸ்பெக்டட் சார்" மெயிலால் எதுவும் நகராது. கனடாவில் ஆய்வேடு எழுதும் மாஸ்டர்ஸ் என்றால் கதை வேறு. அங்கே வழிகாட்டி ஒப்புக்கொள்வது முக்கியம், உதவித்தொகையும் பெரும்பாலும் அவர் வழியாக வரும். எழுதினால் ஐந்து பேருக்கு, அவர்கள் பேப்பரைப் படித்துவிட்டு எழுதுங்கள்.

டிசம்பர் 15

பிஎச்.டி கடைசித் தேதிகள் பெரும்பாலும் டிசம்பர் 1-க்கும் 15-க்கும் இடையில் விழும். கிழக்குக் கடற்கரை நேரம் இரவு 11:59 என்றால் நமக்கு மறுநாள் காலை 10:29. கலிஃபோர்னியா என்றால் பகல் 1:29. இந்தக் கணக்கை நம்பி இருக்காதீர்கள். நமக்கு அது மழைக்காலம். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரன்ட்டும் இல்லை, நெட்டும் இல்லை. நவம்பர் 25-க்குள் முடித்துவிடுங்கள்.

மார்ச்சில் பதறிப்போய்ச் சரி சொல்வது

உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் தர வேண்டும் என்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவும் ஒரு தீர்மானத்தில் கையெழுத்திட்டிருக்கின்றன. உங்களை அழைத்த இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவசரப்படுத்தும் மெயிலுக்குப் பணிவாக அந்தத் தேதியை நினைவூட்டிப் பதில் போடலாம்.